லெச்சுமிக்கு ஆதாரம் கேட்டவர்

எந்தப் புத்தகத்தையும் அவர் முன்பக்கத்திலிருந்து திறந்து நான் பார்த்ததில்லை. கையில் வாங்கியதும் கவிழ்ப்பார். கடைசிப் பக்கங்களைப் பிரித்து, ஆதார நூல்களைச் சொல்லும் உசாத்துணைப் பட்டியலைத் தேடுவார். பட்டியல் இருந்தால் முகம் கொஞ்சம் இளகும். இல்லாவிட்டால், செவுளைப் பார்த்துவிட்டு மீனைத் திரும்பத் தட்டில் வைக்கிற மாதிரி மேசையில் வைத்துவிடுவார். என் மச்சினிச்சியின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோதும் அப்படித்தான். மஞ்சள் தடவிய முகப்பை ஏறெடுத்தும் பாராமல் பின்னால் திருப்பி, அச்சகத்தின் பெயரை வாசித்தார்.

"இவங்க போன மாசம் ஒரு கல்யாணத்துக்குக் கிழமையை மாத்தி அடிச்சவங்க சேர். எதுக்கும் கலண்டரை ஒருக்கா பாத்துக்குங்க."

பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்று அச்சடித்திருந்த திகதி கலண்டரில் சனிக்கிழமையாக இருந்தது. அதற்குள் நூறு வீட்டுக்கு நான் பத்திரிகை கொடுத்து முடித்திருந்தேன். மச்சினிச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

மலையகத்து ஹட்டன் நகரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கல்வி நிலையம். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. நூலகம் என்பது மூன்று அலுமாரி, ஒரு மேசை, ஒரு ஜன்னல், கீழிருந்து வரும் பணிஸ் வாசம். நான் வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். டிப்ளோமா ஒன்று இல்லாவிட்டால் அடுத்த தரத்துக்குப் பதவி உயர்வு கிடையாது என்று தெரிந்த நாளில், நாற்பதை நெருங்கும் வயதில், எனக்குத் திடீரென்று அறிவுத்தாகம் ஏற்பட்டது.

அவர் அங்கே நூலக உதவியாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். மூன்று வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு கடிதம் கொடுப்பார்கள்: இன்னும் ஒரு வருடம். வருகிற டிசம்பரில் நிரந்தரமாக்கிவிடுகிறேன் என்று நிலையப் பணிப்பாளர் சொல்லியிருந்தார். றொசல்லப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவோடு அவர் இருந்தார். அந்த நிரந்தரக் கடிதம் வந்தால் ஹட்டனில் ஓர் அறை எடுத்து, அம்மாவை மலையிலிருந்து இறக்கிவிடுவது என்று இருந்தார். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. பேக்கரிக்காரர் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

முதல் நாள் இணையத்திலிருந்து ஒரு கட்டு அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆசிரியர் பெயருக்கு முன்னால் இருந்த 'கலாநிதி'ப் பட்டத்தைச் சிவப்புப் பேனையால் கோடிட்டு வைத்திருந்தேன், அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று.

"இவரு எதுல கலாநிதி சேர்?"

"கலாநிதின்னா கலாநிதிதானே மிஸ்."

"பல் வைத்தியத்துல. பல்லைப் பத்தி எழுதியிருந்தா நானே எடுத்துக்குங்கன்னு சொல்லியிருப்பேன். இவரு நம்ம ஆளுங்க கப்பலேறி வந்த கதையை எழுதியிருக்காரு."

ஆய்விதழ்க் கட்டுரைக்கும் மற்றக் கட்டுரைக்கும் என்ன வித்தியாசம் என்று யார் கேட்டாலும், அவர் தேயிலைக்குத்தான் போவார். "ருசி பாக்குறவரு முன்னால கோப்பையை வரிசையா வைப்பாங்கல்ல. எந்தத் தோட்டத்துத் தூள்னு பேரு இருக்காது, நம்பர் மட்டுந்தான். உறிஞ்சிட்டு, துப்பிட்டு, புள்ளி போடுவாரு. நல்ல ஆய்விதழ்லயும் அப்படித்தான். எழுதினவரு பேரை மறைச்சு, அதே துறையில உள்ள ரெண்டு பேருக்கிட்ட குடுப்பாங்க. அவங்க துப்பினது போக மிச்சந்தான் அச்சுக்கு வரும்."

"அப்ப கோயில் விழா மலர்?" என்று கேட்டேன்.

"அது அன்னதானம் சேர். வந்தவங்க எல்லாருக்கும் எல போட்டுத்தான் ஆகணும்."

நான் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருக்க வேண்டும். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

நூலகத்துக்கு வெளியேயும் அவர் இப்படித்தான். ஒரு சனிக்கிழமை காலை, வட்டவளையில் நான் ரயிலேறும்போதே பெட்டி முழுக்கத் துக்கம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் காலமாகிவிட்டாராம். வாட்ஸ்அப்பில் படம், மாலை, கண்ணீர் அஞ்சலி. நான் பாதி வழியிலேயே செய்தி பார்த்து, வீட்டுக்குத் திரும்பி ஓடி வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தவன். ஹட்டனில் மலர்வளையத்துக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. இரங்கலுரைக்கு நாலு வரியும் மனதில் கூட்டிவைத்திருந்தேன். றொசல்லயில் ஏறியவர் விஷயத்தைக் கேட்டார்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க மிஸ்."

"எல்லாருக்கும் யாரு சொன்னது?"

எனக்கு அனுப்பியவரிடம் கேட்டேன். நீங்கள் அனுப்பியதைத்தானே சேர் திருப்பி அனுப்பினேன் என்றார். ஹட்டன் மேடையில் இறங்கினால், காலமானவர் பத்திரிகை வாங்கிக்கொண்டு நிற்கிறார். "என்னா தம்பி, வெள்ளையும் சொள்ளையுமா? எங்க சாவு?" என்றார்.

இப்படிப்பட்டவரை எல்லாருக்கும் பிடித்திருக்க நியாயமில்லை. மாணவர்கள் அவருக்குப் பயந்தார்கள். ஒரு பையன், தொலைபேசியில் உள்ள செயற்கை அறிவிடம் கேட்டுப் பன்னிரண்டு புத்தகங்களின் பட்டியலோடு வந்தான். "தம்பி, இதுல ஒம்பது இன்னும் பொறக்கவே இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் திருப்பிக் கொடுத்ததோடு விடமாட்டார். அடுத்த சனிக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிறந்திருக்கும் மூன்றையும் தேடி எடுத்துத் தருவார். அவருடைய மதியச் சாப்பாடு பெரும்பாலும் அலுமாரிக்குள்ளேயே ஆறிக்கிடக்கும்.

அப்படித்தான், புடவைக் கடையில் வேலை செய்துகொண்டு பட்டத்துக்குப் படித்த ஒரு பெண்ணோடு நான்கு சனிக்கிழமை உட்கார்ந்தார். அவளுடைய ஆய்வு தோட்டப் பெண் தொழிலாளர்களைப் பற்றியது. அதில் ஓர் அத்தியாயம் லெச்சுமி.

லெச்சுமியை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரத் துரை காலத்தில், அடைமழை நாளொன்றில், காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும்போது, மலைக்குப் போகமாட்டேன் என்று முப்பது பெண்களோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டவள். துரை குதிரையில் வந்து மிரட்டியும் எழும்பவில்லை. மே தின மேடைகளில் அவளைச் சொல்வார்கள். ஆய்வேடுகளில் எழுதுவார்கள். எங்கள் விரிவுரையாளரின் புத்தகத்தில் அவளுக்குத் தனி அத்தியாயமே உண்டு.

நூலக மேசையில், லெச்சுமி வரும் ஐந்து ஆய்வேடுகளையும் அந்தப் புத்தகத்தையும் அவர் பரப்பி, ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டார். இது அதைச் சொல்கிறது, அது இன்னொன்றைச் சொல்கிறது, புத்தகமும் அதற்குள் வந்து சேர்கிறது. கடைசியில் எல்லாம் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலின் கும்பாபிஷேக மலர். அதில் நாலு பக்கக் கட்டுரை. எழுதியவர் பெயருக்கு முன்னால் கலாநிதி. கட்டுரையின் பின்னால் கறிப்பவுடர் விளம்பரம். வேறொன்றும் இல்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தக் கட்டுரையை எழுதியவன் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அது என் தோட்டத்துக் கோயில். "தம்பி, நாலு பக்கம் காலியா கெடக்கு. நம்ம தோட்டத்து வரலாறுன்னு எதையாச்சும் எழுதிக் குடு" என்றார் விழாக்குழுத் தலைவர். எனக்குத் தெரிந்த வரலாறு அரைப் பக்கத்துக்கே வரவில்லை. வெளியே கொட்டும் மழை. பக்கத்து வீட்டுக்காரர் தன் பசுவைத் தொழுவத்திலிருந்து இழுக்கிறார், அது வரமாட்டேன் என்று காலை ஊன்றி நிற்கிறது. "வாடி லெச்சுமி, வாடி" என்று அவர் கெஞ்சுகிறார். எனக்கு வரலாறு கிடைத்துவிட்டது. மாட்டைப் பெண்ணாக்கினேன், பக்கத்து வீட்டுக்காரரைத் துரையாக்கிக் குதிரையில் ஏற்றினேன். மலர் வந்தபோது கட்டுரைக்கு மேலே, என் பெயருக்குப் பதிலாக, கோபுரத்துக்குப் பணம் அள்ளிக் கொடுத்த வியாபாரியின் பெயர் இருந்தது. எங்கிருந்தோ வாங்கிய கலாநிதிப் பட்டத்தோடு. எனக்கு இரண்டு பொட்டலம் சர்க்கரைப் பொங்கல் கூடுதலாகக் கிடைத்தது.

அதன்பிறகு லெச்சுமி வளர்ந்ததைத் தூர நின்று பார்த்தேன். வெளியூரில் படிக்கிற பிள்ளையைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்வதைக் கேட்கிற தகப்பன் மாதிரி. விரிவுரையாளர் தன் புத்தகத்தில் அவளுக்குத் திருச்சிப் பக்கம் ஓர் ஊரும் இரண்டு குழந்தைகளும் கொடுத்திருந்தார். நான் கொடுக்காதவை.

"அப்ப லெச்சுமி பொய்யா மிஸ்?" என்று கேட்டாள் புடவைக் கடைப் பெண்.  அவளுடைய அம்மாவும் கொழுந்து பறிப்பவர்தான்.

"பொய்யின்னு நான் சொல்லல தங்கச்சி. ஆதாரம் காணலன்னு சொல்றேன். அது வேற, இது வேற."

"நமக்குன்னு இருக்கிறதே ஒண்ணு ரெண்டுதானே."

"அதனாலதான் சொல்றேன். இருக்கிற ஒண்ணு ரெண்டுல ஒண்ணு கலப்படம்னு நாளைக்கு வெளியாள் எவனாச்சும் கண்டுபுடிச்சா, மிச்சத்தையும் சேத்துக் கொட்டிடுவான். உங்க அம்மா சொன்னா நம்புவானா பொறகு?"

அதோடு நிறுத்தவில்லை. இறந்துபோன வியாபாரியின் மகனைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "எங்க அப்பா வாழ்த்துச் செய்தியைக்கூட ஆளை வச்சுத்தாங்க எழுதினாரு" என்றாராம் அவர். தோட்ட ஆபீசுக்குப் போய்ப் பழைய பெயர்ப் பதிவேடுகளைக் கேட்டிருக்கிறார், கறையான் தின்றுவிட்டதாம். பிறகு என்னிடம் வந்தார்.

"சேர், நீங்க அந்தத் தோட்டந்தானே. வயசானவங்க யாராச்சும் லெச்சுமியைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கீங்களா?"

கையில் நோட்டுப் புத்தகம். பேனை திறந்திருக்கிறது. சொல்லியிருக்கலாம். ஒரு பகிடியோடு சொல்லியிருந்தால் அவரும்கூடச் சிரித்திருப்பார். ஆனால் என் டிப்ளோமா ஆய்வுக்கும் அதே விரிவுரையாளர்தான் மேற்பார்வையாளர். என் இரண்டாம் அத்தியாயத்திலும் அதே லெச்சுமி உட்கார்ந்திருந்தாள், அவர் சொல்லித்தான் உட்காரவைத்தேன்.

"சின்ன வயசுல கேட்ட மாதிரிதான் இருக்கு மிஸ்."

என் பெயர், திகதி, நான் சொன்ன வசனம் மூன்றையும் எழுதிக்கொண்டார். 'மாதிரி' என்பதையும் விடாமல்.

அடுத்த வாரம் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் தொங்கியது. இன்ன மலரில் வந்த இன்ன கட்டுரைக்கு மூல ஆதாரம் எதுவும் காணப்படாததால், அதை ஆய்வுகளில் சான்றாகக் காட்டுவதைத் தவிர்க்கவும். கீழே அவருடைய கையெழுத்து. புத்தகத்தின் பெயரோ விரிவுரையாளரின் பெயரோ அதில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விரிவுரையாளர் படியேறி வந்து அதைப் படித்தபோது, மாணவர்கள் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

பணிப்பாளரின் அறையில் விசாரணை. நான் கீழே பேக்கரியில் பணிஸ் தின்றுகொண்டிருந்தேன். மேலே வரச்சொல்லி ஆள் வந்தது. சட்டையில் தூளோடு போனேன்.

"அந்தக் காலத்துல நம்ம சனத்தோட கதையை எழுதி வைக்க யாரு இருந்தா?" என்று விரிவுரையாளர் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் பேப்பர் கேட்டா எங்க போறது? வாய்மொழியும் ஆதாரந்தான், தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியுங்க சேர். யாரு வாய்மொழின்னுதான் கேக்கிறேன். மலர்ல அது இல்லீங்களே." பிறகு அவரே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தார். "ஒருத்தர் மட்டும் கேட்ட மாதிரி இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அதையும் எழுதி வச்சிருக்கேன்."

அவர் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு எதிராக அல்ல, தனக்கு எதிராக அந்தப் பக்கத்தை அவர் திறந்து காட்டினார்.

"சேர், இது நீங்க சொன்னதுதானா?" என்று பணிப்பாளர் என்னைக் கேட்டார். விரிவுரையாளர் என் பக்கம் திரும்பவில்லை. பேனை மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. வயசானவங்க பேசிக்கிட்டாங்க." இந்த முறை 'மாதிரி'யை விட்டுவிட்டேன்.

"எந்த வயசானவங்க சேர்? பேரு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"எல்லாரும் செத்துட்டாங்க மிஸ்."

அதையும் எழுதிக்கொண்டார். என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் தூக்கம் வரும். பார்க்கவில்லை. நம்பினார். கல்யாணப் பத்திரிகையை நம்பாதவர், செத்தவரின் சாவை நம்பாதவர், என்னை நம்பினார்.

"அப்ப அறிவித்தல்ல ஒரு வரி சேத்துடுறேங்க" என்றார். "வாய்மொழிச் சான்று ஒண்ணு இருக்கு, உறுதியாகலன்னு."

"ஒண்ணும் சேக்க வேணாம். கழட்டிடுங்க. சேருக்கிட்ட ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்திடுங்க, நாம இதோட விட்டுடுவோம்" என்றார் பணிப்பாளர்.

"வரியைச் சேக்கிறேங்க சேர். கழட்ட முடியாது. மலர் இன்னும் ஆதாரமாகலையே."

டிசம்பரில் கடிதம் வந்தது. இரண்டு வரி. சேவைக்கு நன்றி, ஒப்பந்தம் நீடிக்கப்படமாட்டாது. அம்மா மலையிலேயே இருந்தார்.

என் ஆய்வு நல்ல புள்ளியோடு பாஸாகி, மிகத் திறமைச் சித்தி கிடைத்தது. இரண்டாம் அத்தியாயத்தை விரிவுரையாளர் குறிப்பாகப் பாராட்டியிருந்தார். அதை அட்டை போட்டுக் கட்டுவதற்காக, ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள போட்டோ கொப்பிக் கடைக்குப் போனேன். கட்டுகிற இயந்திரத்துக்குப் பின்னால் அவர் நின்றார். அந்த ஊரில் வேறு இரண்டு கடைகள் இருக்கின்றன. எனக்கு வாய்ப்பது இப்படித்தான்.

தாள்களைத் தட்டி அடுக்கினார். கை தானாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனது.

"மலரைப் போட்டிருக்கீங்க."

"ஆமா மிஸ்."

"பரவால்ல. நீங்க நேர்ல கேட்டவங்க."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. "மிஸ், அதை எழுதினது நான்தான். லெச்சுமி எங்க பக்கத்து வீட்டு மாடு" என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். என் வாழ்க்கையில் எல்லா அடியிலிருந்தும் ஆட்களைச் சிரிக்கவைத்துத்தான் தப்பித்திருக்கிறேன்.

அவர் இயந்திரத்தின் கைப்பிடியை அழுத்தினார். ஒரு வரிசைத் துளை விழுந்தது.

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"டிப்ளோமா மிஸ்."

"ம்." இன்னொரு வரிசைத் துளை. "அந்தத் தங்கச்சி லெச்சுமியை எடுத்துட்டு எழுதிக் குடுத்தா. முக்கியமான அத்தியாயம் இல்லன்னு சொல்லி பெயிலாக்கிட்டாங்க. தெரியுமா?"

தெரியாது.

"மேன்முறையீட்டுக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும் தவணை இருக்கு. எழுத்துல தாங்க சேர். பேரு, திகதி, கையெழுத்து. எனக்கு ஒண்ணும் வேணாம், அவ பாஸாயிடுவா. இப்ப எங்கிட்ட உங்க வாய்மொழி ரெண்டு இருக்கு, ஒண்ணுக்கு ஒண்ணு நேர்மாறா. அதை வச்சு நான் என்னா செய்றது?"

இயந்திரத் தட்டிலிருந்து இரண்டு வெள்ளைத் தாள்களை உருவித் தந்தார். பிழை விட்டால் எழுத இன்னொன்று. வீட்டில் போய் விளக்கமாக எழுதிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

எழுதினேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே எழுதினேன். மாடு, மழை, சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் போட்டு, கையெழுத்தும் வைத்தேன். ஆனால் அதே வாரம் பதவி உயர்வுக்கான நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அது முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

இயந்திரத்துக்குப் பின்னால் வேறொரு பெண் நின்றாள்.

"அக்கா கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டாங்க சேர், போன திங்கக்கிழமை. வட்டவளைப் பக்கத்துலேர்ந்து ஒரு சேர் கடுதாசி கொண்டாருவாரு, வாங்கிப் புடவைக் கடைத் தங்கச்சிக்கிட்ட குடுத்துடுன்னு சொல்லிட்டுப் போனாங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா சேர்?"

அவர் கையில் கொடுத்து, அவர் வாசிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. புடவைக் கடை அங்கிருந்து நாலாவது கட்டடம்.

"நானில்ல" என்றேன்.

கடைக்கு வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன், ஒரு கொப்பி வேண்டும் என்று.

"ரெண்டு பக்கமும் எடுக்கணுமா சேர்?"

பின்பக்கத்தில் என் வட்டவளை முகவரி இருந்தது. "எடும்மா" என்றேன்.